நின்னா பொருந்தாத ஜாக்கெட்

"ஜாக்கெட் தைக்கக் குடுக்கணும், சிவாஜிநகர் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்" என்றேன், போன ஞாயிற்றுக்கிழமை. தங்கமணி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யாருக்கு?" என்றார்.

கேள்வியில் தப்பில்லை. நம்ம பக்கம் ஜாக்கெட் என்றால் புடவைக்கு மேட்சிங்காகத் தைப்பது. நான் சொன்னது பைக் ஓட்டுகிறவன் போடும் தோல் ஜாக்கெட். அதுவும் எனக்கில்லை, அக்கா பையனுக்கு.

பையன் எலெக்ட்ரானிக் சிட்டியில் பொட்டி தட்டுகிறான். ஆறு மாசம் முன்னால் 350 சிசி வண்டி ஒன்று வாங்கினான். "இந்தப் பொங்கலுக்கு பஸ் டிக்கெட் எடுக்கல மாமா, வண்டியிலயே திண்டுக்கல் போறேன்" என்கிறான். ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம், நாமக்கல், கரூர் வழியாக 350 கிலோமீட்டருக்கு மேல். விடிகாலை 4 மணிக்குக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு வீடு என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறான். ஜனவரிக் குளிரும் கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பனியும் அவன் கணக்கில் இல்லை. அக்கா போனில் ஒரே புலம்பல். "சொன்னா கேக்க மாட்டேங்கிறான், நீதான்டா பாத்துக்கணும்." தாய்மாமன் என்றால் காது குத்தும்போது மடியில் உட்கார வைத்துக்கொண்டால் போதாது போல.

"எங்கிட்டதான் ஏற்கெனவே ஜாக்கெட் இருக்கே மாமா" என்று ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தான். 4,500 ரூபாயாம். பிரிட்டிஷ் ஸ்டைலாம். கறுப்பு நிறம், மார்பில் குறுக்கே ஓடும் சிப், தோளில் வார், இடுப்பில் பெல்ட், மணிக்கட்டில் சிப். போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றால், உள்ளதைச் சொல்ல வேண்டும், ஜம்மென்றுதான் இருந்தான். நான் மணிக்கட்டுச் சிப்பை இழுத்துப் பார்த்தேன். திறந்தது; ஆனால் பின்னாலேயே துணியை வைத்துத் தைத்து மூடியிருந்தார்கள். மார்பில் இருந்த பாக்கெட் சிப்புக்குப் பின்னால் பாக்கெட்டே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, அது தோலே இல்லை, ரெக்சின்.

எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். 4,500 ரூபாய் போனதற்காக இல்லை. அந்த ஜாக்கெட்டில் உள்ள ஒவ்வொரு சமாசாரமும் ஒரு காலத்தில் யாரோ ஒருத்தன் ஒரு வேலைக்காக வைத்தது. வேலையை உருவிவிட்டு உருவத்தை மட்டும் விற்கிறார்கள். ஏட்டில் சொத்தாகக் காட்டி, நேரில் போய்ப் பார்த்தால் காலி மனையாக இருக்கும் அடமானம் மாதிரி. பேங்க்காரனுக்கு வேறு எதைப் பார்த்துக் கோபம் வரும் சொல்லுங்கள்?

இது எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் கொசுவத்தி சுத்தியாக வேண்டும்.

2014 ஆகஸ்டில் ஹெப்பால் பக்கம் ஒரு சர்வீஸ் ரோட்டில் மழைத் தண்ணீரும் மணலுமாகக் கிடந்த வளைவில் வழுக்கி விழுந்தேன். வேகம் 30ஐத் தாண்டியிருக்காது. ஹெல்மெட் இருந்தது, தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. அரைக்கைச் சட்டை. வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் ரோடு தேங்காய் துருவுகிற மாதிரி துருவிவிட்டது. எலும்பு முறிவு கிடையாது, அதனால் ஊரில் யாரிடம் சொன்னாலும் "அட, சிராய்ப்புத்தானே" என்றார்கள். அந்தச் சிராய்ப்பு ஆற ஆறு வாரம் ஆனது. தினம் கட்டுப் பிரிக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கையெழுத்துப் போட்டுச் சம்பாதிக்கிற உத்தியோகம் வேறு. திரும்பி வேலைக்குப் போனபோது என் கையெழுத்து என்னுடைய ஸ்பெசிமனோடேயே ஒத்துப்போகவில்லை. ஹூம்.

அந்த வருஷம் நவம்பர். பென்ஷன்தாரர்கள் உயிர்ச்சான்று கொடுக்க வரும் மாசம், கவுண்டரில் திருவிழாக் கூட்டம். ஃப்ரேசர் டவுன் பக்கத்து ஆங்கிலோ இந்தியப் பெரியவர் ஒருத்தர் ஃபாரத்தை நீட்டியவர் என் கையில் இருந்த தழும்பைப் பார்த்து, "பைக்கா?" என்றார். கண்டோன்மென்ட் தமிழ். ஆமாம் அங்கிள் என்றேன். "அரைக்கைச் சட்டையா?" அதற்கும் ஆமாம். அவர் போட்டிருந்தது பழைய தோல் ஜாக்கெட். முழங்கைப் பக்கம் கறுப்பு தேய்ந்து பழுப்பு தெரிந்தது. 1960களில் இங்கிலாந்துக்குக் குடியேறிப் போன அண்ணன் கொண்டுவந்து கொடுத்ததாம். கழுத்துப் பட்டைக்குள் லேபிள்: டி. லூயிஸ், கிரேட் போர்ட்லண்ட் ஸ்ட்ரீட், லண்டன். 1892இல் தொடங்கிய கடை, விமானிகளுக்கும் பைக்காரர்களுக்கும் தைத்தே பேர் வாங்கியது, இன்றும் லூயிஸ் லெதர்ஸ் என்ற பெயரில் இருக்கிறது.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் பார்க்கிங்கில் அதைக் கழற்றி என்னைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். போட்டேன். கண்றாவியாக இருந்தது. கை நீளம், விரல் முட்டி வரைக்கும் தொங்குகிறது. முன்பக்கம் குட்டை, பெல்ட் பக்கிளைக்கூட மறைக்கவில்லை. கை சும்மா தொங்காமல் பயில்வான் மாதிரி வளைந்தே நிற்கிறது. "எனக்குச் சரியா இல்ல அங்கிள், உங்க அளவு வேற" என்றேன். அவர் சிரித்துவிட்டு என் வண்டியைக் காட்டினார். "உக்காரு மேன். உக்காந்து ஹேண்டிலைப் பிடி."

உட்கார்ந்தேன். கை சரியாக மணிக்கட்டுக்கு வந்து நின்றது. வளைந்த முழங்கையில் ஒரு சுருக்கம் இல்லை. குட்டையாக இருந்த முன்பக்கம் வயிற்றில் மடங்கி இடிக்கவில்லை. பின்பக்கம் நீளமாக இருந்ததால் குனிந்தும் முதுகு தெரியவில்லை. தோள்பட்டைக்குப் பின்னால் நான் கவனிக்காமல் விட்ட இரண்டு மடிப்புகள் விசிறி மாதிரி விரிந்து, முன்னால் கை நீட்ட இடம் கொடுத்தன. நின்றுகொண்டிருப்பவனுக்குத் தைத்த ஜாக்கெட் இல்லை அது, வண்டியில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தைத்தது. எனக்கு உண்மையிலேயே மயிர்க்கூச்செறிந்தது, மிகைப்படுத்தவில்லை.

(இதைத் தங்கமணியிடம் ஆச்சரியமாகச் சொன்னபோது, "இதுல என்ன இருக்கு, ப்ளவுஸ் அளவு எடுக்கறவங்களும் கையைத் தூக்கிப் பாக்கச் சொல்வாங்களே" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.)

அதற்கப்புறம் பெரியவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். சிப் நடுவில் இல்லாமல் குறுக்கே ஓடுவது ஸ்டைலுக்கு இல்லை. அப்படி வைத்தால் மார்பின் மேல் இரண்டு அடுக்குத் தோல் வரும். 80 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று சிப்பின் பல்லிடுக்கு வழியாக உள்ளே புகுந்தாலும் நெஞ்சில் நேராக அடிக்காது. குறுக்குச் சிப் அமெரிக்காவிலிருந்து வந்த பழக்கம், 1928இல் ஷாட் கம்பெனி போட்டது. இங்கிலாந்துக்காரர்கள் அதை இறுக்கிப் பிடித்து, உடம்போடு ஒட்டிய வெட்டாக மாற்றிக்கொண்டார்கள். தொளதொளவென்று இருந்தால் காற்றில் படபடக்கும்; அதை விட, விழுந்து உருளும்போது துணி மாதிரி சுருண்டு மேலே ஏறிவிடும். ஏறினால் ஜாக்கெட் போட்டும் பிரயோஜனம் இல்லை.

மணிக்கட்டுச் சிப்பை மேலே வரை திறந்தால் உள்ளே ஒரு முக்கோணத் தோல் மடிப்பு. கையுறையின் அகலமான வாயை அதற்குள் விட்டு சிப்பைப் போட்டால் காற்று உள்ளே போக வழியே இல்லை. பையனின் 4,500 ரூபாய் ஜாக்கெட்டில் துணி வைத்துத் தைத்து மூடியிருந்தது இந்த இடத்தைத்தான்! பாக்கெட்டுகள் சாய்வாக இருப்பது, ஓட்டிக்கொண்டே ஒரு கையால் எட்டுவதற்கு. சிப் நுனியில் சின்னச் சங்கிலி தொங்குவது, கையுறை போட்ட தடித்த விரலுக்குப் பிடி கிடைப்பதற்கு. காலர் நுனியில் அமுக்குப் பொத்தான் இருப்பது, அது எழுந்து கன்னத்தில் பட்பட்டென்று அடிக்காமல் இருப்பதற்கு. (அந்த அடியை வாங்கியவர்களுக்குத் தெரியும்.) அக்குளில் சின்ன ஓட்டைகள், வேர்வைக்கு. உள்ளே தோளிலும் முதுகிலும் மெத்தை மாதிரி தைத்த லைனிங், குளிருக்கும் இடிக்கும் சேர்த்து.

எல்லாவற்றையும் கும்பிட வேண்டியதில்லை. தோள் வார் வெறும் பந்தா என்பதே என் அபிப்பிராயம். இடுப்புப் பெல்ட்டும் அப்படித்தான், முன்னால் பக்கிள் இருந்தால் பெட்ரோல் டாங்க் பெயின்ட் போச்சு. தோல் மழைக்கு ஆகாது. ஊறினால் சாக்கு மூட்டை கனம். அதனால்தான் இங்கிலாந்திலேயே பெல்ஸ்டாஃப், பார்பர் மாதிரிக் கம்பெனிகள் மெழுகு பூசிய பருத்தித் துணிக்குப் போனார்கள். பார்பரின் 1936 இன்டர்நேஷனல் மாடலில் இடது மார்புப் பாக்கெட் மட்டும் கோணலாக இருக்கும். தையல் தப்பு மாதிரித் தெரியும். ஓட்டுகிறவன் வலது கையால் ஆக்சிலேட்டரை விட்டதும் சட்டென்று மேப்பை உருவ வசதியாக வைத்த கோணல் அது. எனக்கு ரொம்பப் பிடித்த கோணல்.

பெரியவர் கடைசியாக முதுகைக் காட்டினார். முதுகு முழுக்க ஒரே துண்டுத் தோல், நடுவில் ஒட்டுத் தையல் இல்லை. விழும்போது தோல் தேய்வதற்கு முன்னால் தையல்தான் பிளக்கும், அதனால் தரையில் படுகிற இடத்தில் தையலைக் குறைத்துவிட்டார்கள். அந்த முதுகைத் தடவிப் பார்த்தபோதுதான் எனக்கு அப்பா ஞாபகம் வந்தது.

அப்பா திண்டுக்கல் பேகம்பூர் பக்கம் ஒரு தோல் ஷாப்பில் கணக்கு எழுதினார். நான் பி.காம். படித்ததே அந்தக் கணக்குப் புஸ்தகங்களைப் பார்த்துத்தான். ஷாப்பில் ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர் என்று தோலைத் தரம் பிரிப்பார்கள். சூடு போட்ட தழும்பு, உண்ணி கடித்த புள்ளி, முள் கிழித்த கோடு இருந்தால் தரம் இறங்கும். முதுகுக்கு ஒரே துண்டாக வெட்ட வேண்டுமானால் நடுவில் ஒரு தழும்பும் இல்லாத தோல் வேண்டும். மாடு மேய்த்தவனிலிருந்து தரம் பிரித்தவன் வரை எல்லோருடைய வேலையும் அந்த ஒரு துண்டில் இருக்கிறது.

நம்ம பக்கம் தோல் பதனிட்ட முறைக்கு உலகச் சந்தையில் ஈஸ்ட் இந்தியா என்றே பேர். ஆவாரம்பட்டை, கடுக்காய், பின்னால் கொடைக்கானல் மலையிலும் நீலகிரியிலும் வளர்த்த வாட்டில் மரப்பட்டை. ஊரை நெருங்கும்போது பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் மூக்கு சொல்லிவிடும். பாதி பதனிட்ட தோலாகச் சென்னைக்குப் போய் லண்டனுக்குக் கப்பல் ஏறும். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படை வீரர்களின் பூட்ஸுக்கு இந்தத் தோலை அரசாங்கமே தன் கட்டுப்பாட்டில் எடுத்து வாங்கியது. முழுதாக முடித்து நல்ல விலைக்கு விற்கும் லாபம் அங்கே, சுண்ணாம்புக் குழியும் கழிவுத் தண்ணீரும் இங்கே. 1973இல் பாதித் தோல் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கடிவாளம் போட்ட பிறகுதான் செருப்பு, கோட்டு என்று முழுச் சரக்காகச் செய்வது நம்ம ஊர்களில் வேகம் பிடித்தது. 2008இல் ஈஸ்ட் இந்தியா தோலுக்குப் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. தண்ணீர் கெட்டது கெட்டதுதான். வேலூர் மாவட்டத் தோல் ஆலைகள் பற்றி 1996இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே சொல்ல வேண்டியிருந்தது.

அந்தக் குழிகளில் இறங்கியவர்களைப் பற்றி டி. செல்வராஜ் 'தோல்' என்று நாவலே எழுதினார், 2012இல் சாகித்ய அகாதமி வாங்கியது. திண்டுக்கல்காரர்கள் யாராவது இன்னும் படிக்கவில்லை என்றால் படித்துவிடுங்கள். சின்ன வயதில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது நானே பார்த்திருக்கிறேன். சுண்ணாம்புத் தண்ணீரில் வெறுங்கையோடு தோலைப் புரட்டுவார்கள். விரல் நுனியெல்லாம் வெந்து வெளுத்திருக்கும். சுற்றிலும் மலை மாதிரித் தோல், ஒருத்தர் கையிலும் ஒரு தோல் கையுறை கிடையாது. அப்போது அது எனக்கு வித்தியாசமாகவே படவில்லை. லண்டன் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு பெங்களூர் பார்க்கிங்கில் உட்கார்ந்திருந்தபோதுதான் படுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இங்கிலாந்து பைக்குகள் முக்கால்வாசி இப்போது நம்ம வீட்டுப் பிள்ளைகள். ராயல் என்ஃபீல்டு 1955இலேயே திருவொற்றியூருக்கு வந்துவிட்டது. இங்கிலாந்துக் கம்பெனி 1970இல் மூடியும் மெட்ராஸ் புல்லட் நிற்கவில்லை. பிஎஸ்ஏ பெயரை 2016இல் மஹிந்திரா வாங்கியது. நார்டனை 2020இல் 1.6 கோடி பவுண்டு கொடுத்து வாங்கியது நம்ம ஓசூர் டிவிஎஸ், இங்கிருந்து 40 கிலோமீட்டர். ஆம்பூர், ராணிப்பேட்டை, சென்னையில் தோல் இருக்கிறது, தைக்கத் தெரிந்த கை இருக்கிறது, 1948இலிருந்து அடையாறில் தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வண்டி வந்தது, தோலும் நம்முடையது. ஆனால் ஓட்டுகிறவன் உடம்பை நினைத்து வெட்டும் அந்தப் புத்தி மட்டும் கப்பல் ஏறி வரவே இல்லை.

"பெங்களூரில் குளிரும் சரி, மெட்ராஸ் வெயிலில் தோல் ஜாக்கெட்டா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. வேண்டாம், யாரும் போட வேண்டாம். காற்றுப் புகும் வலைத் துணி ஜாக்கெட் நிறைய வந்துவிட்டது, முழங்கையிலும் தோளிலும் காப்புத் தகடு வைத்தது. பழைய லண்டன் ஜாக்கெட்டில் அந்தத் தகடு கிடையாது, அந்த விஷயத்தில் இது மேல். ஐரோப்பாவில் 2020இல் வந்த ஈஎன் 17092 தரம், உராய்வு, கிழிசல், தையல் பலம் எல்லாம் பார்த்து ஏஏஏ, ஏஏ, ஏ என்று பிரிக்கிறது. வாங்கும்போது உள் லேபிளில் அதைத் தேடுங்கள். நான் சொல்வது பொருளைப் பற்றி இல்லை, வெட்டைப் பற்றி. வலைத் துணியிலும் கையை வளைத்து வெட்டலாம், மணிக்கட்டை மூடலாம், முதுகை நீட்டலாம். எந்தக் கடையானாலும் நின்றுகொண்டு போட்டுப் பார்த்து, கண்ணாடியில் ஒரு செல்ஃபி எடுத்து வாங்கி வருகிறோம். கீழேதானே நம்ம வண்டி நிற்கிறது, கடைக்காரரைக் கேட்டு ஒரு நிமிஷம் ஏறி உட்கார்ந்தால் குடியா முழுகிவிடும்?

ஜாக்கெட் உயிரைக் காப்பாற்றும் என்று ஜல்லியடிக்க மாட்டேன், அது பெரும்பாலும் ஹெல்மெட்டின் வேலை. 2022இல் நாட்டில் சாலை விபத்தில் செத்த 1,68,491 பேரில் 74,897 பேர் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். ஹெல்மெட்டுக்குச் சட்டம் வந்தது, கர்நாடகாவில் 2016 ஜனவரியிலிருந்து பின்னால் உட்காருகிறவருக்கும் வந்தது. நல்லது. ஆனால் கழுத்துக்குக் கீழே உடம்பு என்று ஒன்று இருப்பதாகச் சட்டத்துக்குத் தெரியாது. பேங்கில் டூ வீலர் லோன் கொடுக்கும்போது வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஒரு ரூபாய் வெளியே போகாது. வண்டி கீறினால் கிளெய்ம். ஓட்டுகிறவன் கீறினால் மஞ்சள் பத்து.

ராத்திரி 11 மணிக்கு எங்கள் தெருவில் சாப்பாடு கொண்டுவரும் பையன்களைப் பார்க்கிறேன். 12 மணி நேரம் வண்டியிலேயே இருப்பவர்கள். முதுகில் இருக்கும் பெட்டிப் பையைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்தேன் ஒருநாள். தடித்த வெளித்துணி, உள்ளே மெத்தை வைத்த லைனிங், நல்ல சிப், இரட்டைத் தையல். பையன் போட்டிருந்தது டீ-ஷர்ட். பிரியாணிக்கு இருக்கும் லைனிங் அதைச் சுமக்கிறவனுக்கு இல்லை.

பெரியவர் கொரோனாவுக்கு முந்தின வருஷம் போய்விட்டார். ஜாக்கெட்டை அவர் பேரன் போட்டுக்கொண்டு திரிவதாகக் கேள்வி. அந்த லண்டன் கடையில் இன்று புதுசு வாங்கினால் லட்ச ரூபாயைத் தாண்டும், நம்மால் ஆகாது. அதனால்தான் சிவாஜிநகர். சந்துக்குள் ஒரு தையல்காரர், தோல் வேலை மட்டும் செய்கிறவர். 1.2 மில்லிமீட்டர் மாட்டுத் தோல், ஆம்பூரிலிருந்து வந்தது. கடைகளில் ஃபேஷனுக்கு விற்கும் ஆட்டுத் தோலைவிட நல்ல கனம். முதுகு ஒரே துண்டு, மணிக்கட்டில் உண்மையான சிப், தோளுக்குப் பின்னால் மடிப்பு, தகடு செருக உள்ளே பை, வார் வேண்டாம், பெல்ட் வேண்டாம் என்று பேப்பரில் படம் போட்டே கொண்டுபோயிருந்தேன். அட்வான்ஸ் கொடுத்து ரசீதும் வாங்கியாச்சு (பழக்க தோஷம்).

டேப்பை எடுத்துக்கொண்டு வந்து பையனை நேராக நிற்கச் சொன்னார். நான் வேண்டாம் என்று அவரை வெளியே கூட்டிப்போய், பையனை வண்டியில் ஏற்றி, ஹேண்டிலைப் பிடிக்கச் சொன்னேன். தெருவே வேடிக்கை பார்த்தது. பையனுக்கு வெட்கம், "மாமா, மானம் போகுது" என்று முணுமுணுத்தான். தையல்காரர் தோளிலிருந்து முழங்கை சுற்றி மணிக்கட்டு வரைக்கும் டேப் வைத்தார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தார்.

"சார், ரெண்டு இன்ச் கூட வருது. இறங்கி நின்னா நல்லா இருக்காதே?"

"பரவால்ல பாய், அப்படியே எழுதிக்குங்க."